டவர் ஹோலுக்கு நாங்கள் விருந்தாளிகளாகப் போகவில்லை

அடுத்த மாதம் எங்கள் வட்டத்திலிருந்து பதினெட்டுப் பேர் மாத்தளையிலிருந்து மருதானைக்குப் போகிறோம். போகிற இடம் டவர் ஹோல். 1911இல் திறந்த பாட்டு நாடக அரங்கு. ஐரோப்பாவில் இருந்திருந்தால் இதை ஒபேரா ஹவுஸ் என்று சொல்லி, வாசலில் வரிசையில் நின்று படம் பிடித்திருப்பார்கள். நம்ம ஆட்களுக்கு அது பஞ்சிகாவத்தைப் பக்கம் பஸ்ஸில் போகும்போது கண்ணில் படுகிற ஒரு பழைய தியேட்டர். அவ்வளவுதான்.

திட்டம் போட்டது சின்ன விசயம். வெளியே சொன்னதும் கிளம்பின பேச்சுதான் பெரிசு. வீட்டிலிருந்தும், கெம்பஸிலிருந்தும், தோட்டத்துப் பெரியவர்களிடமிருந்தும் கேள்வி கேள்வியாக வந்தது. எல்லாத்தையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மூன்றுதான் மிச்சம். சிங்கள நாடகம் உங்களுக்கு என்னத்துக்கு? ஒபேராவுக்கும் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? சோத்துக்கே வழியில்லாத நேரத்துல நாடகமா?

மூன்றும் நேர்மையான கேள்விகள். கேட்டவர்கள் எங்கள்மேல் அக்கறை உள்ளவர்கள். ஆனால் மூன்று கேள்வியும் ஒரே எண்ணத்திலிருந்து வருகிறது: அந்த மாதிரி இடங்கள் வேற யாருக்கோ, நமக்கு இல்லை என்கிற எண்ணம். அதோடுதான் எங்களுக்குச் சண்டை.

"சிங்கள நாடகம் உங்களுக்கு என்னத்துக்கு?"

இந்தக் கேள்விக்குள் ஒரு பயம் ஒளிந்திருக்கிறது. அதை முதலில் மதித்துவிட்டுப் பேசுவோம். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு 83 ஆடி மாதம் பழைய கதை இல்லை. மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் அந்தக் கலவரத்தில் தாக்கப்பட்டதை அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். மாசி மகத்துக்கு ஐந்து தேரும் வீதிக்கு வரும்போது நாங்கள் செல்ஃபி எடுக்கிறோம். அவர்கள் கும்பிட்டுக்கொண்டே வேறெதையோ நினைக்கிறார்கள். மருதானை என்றதும் "கவனமா போயிட்டு வாங்க" என்று சொல்கிற அப்பாயியிடம் கலை வரலாறு பேசி ஒரு புண்ணியமும் இல்லை.

ஆனால் பயம் வேறு, "அது அவங்களோடது" என்று எழுதிக் கொடுப்பது வேறு. டவர் ஹோல் மேடையில் ஏறிய கலைக்கு நூர்த்தி என்று பெயர். அது எங்கிருந்து வந்தது? 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பம்பாயிலிருந்து பார்சி நாடகக் கம்பனிகள் கப்பலில் கொழும்புக்கு வந்தன. வர்ணத் திரைச்சீலை, பக்கத் தட்டி, ஆர்மோனியம், தபேலா, வட இந்திய இராகத்தில் கதை முழுக்கப் பாட்டு. கொழும்பு சனம் சொக்கிப் போனது. சி. டொன் பஸ்தியான், ஜோன் டி சில்வா, சார்ள்ஸ் டயஸ் என்று ஒரு வரிசை எழுத்தாளர்கள் அந்தப் பாணியைச் சிங்களத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஜோன் டி சில்வாவின் பாட்டுகளுக்கு மெட்டுப் போட்டவர் இந்தியாவிலிருந்து வந்த விஸ்வநாத் லௌஜி.

அதே பார்சிக் கம்பனிகள் தமிழ்நாட்டையும் விட்டுவைக்கவில்லை. பழைய தமிழ் நாடகப் பாட்டுப் புத்தகங்களில் பாட்டுக்கு மேலே 'பார்சி மெட்டு' என்று போட்டிருப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே மெட்டு ஒரு பக்கம் மதுரை ஸ்பெஷல் நாடகத்துக்குள் போனது, இன்னொரு பக்கம் மருதானைக்கு வந்தது. இரண்டும் ஒரு கிணற்றுத் தண்ணீர்.

நூர்த்திக்கு முன்னால் என்ன இருந்தது என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. அதற்குப் பெயர் 'நாடகம'. பெயரைக் கேட்டாலே விளங்கவில்லையா? கத்தோலிக்கக் கரையோர ஊர்கள் வழியாகத் தமிழ்க் கூத்திலிருந்து சிங்களத்துக்குப் போன வடிவம் அது. இதைச் சொன்னது தமிழ்ப் பெருமை பேசுகிற யாரோ இல்லை. பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர சிங்கள நாட்டார் நாடகங்களை ஊர் ஊராகத் தேடி ஆராய்ந்து எழுதியது. அந்த நாடகமவை எடுத்துத்தான் அவர் 1956இல் 'மனமே'யை மேடையேற்றினார். நவீன சிங்கள நாடகத்தின் திருப்புமுனை என்று அதைச் சொல்வார்கள். அதைப் பார்த்துத்தான் பேராதனையில் சு. வித்தியானந்தன் நம்ம கூத்தைத் தூசு தட்டி எடுத்தார். கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன் எல்லாம் அறுபதுகளில் வந்தன. கொடுத்தோம், வாங்கினோம், மறுபடி கொடுத்தோம். இதில் யார் வீட்டுச் சொத்து எது என்று கோடு போட வருகிறவர்களுக்குக் கூத்தும் தெரியாது, நூர்த்தியும் தெரியாது.

சினிமா வந்து நூர்த்தியை விழுங்கியது என்பார்கள். சரி, முதல் சிங்களப் பேசும்படம் 1947இல் எங்கே எடுக்கப்பட்டது? மதுரையில். தயாரித்தவர் எஸ். எம். நாயகம். அங்கேயும் நாம்தான்!

ஒன்றை மறைக்கக் கூடாது. டவர் ஹோல் வெறும் பாட்டுக் கொட்டகையாக மட்டும் இருக்கவில்லை. அது சிங்கள பௌத்த தேசிய எழுச்சியின் மேடையும்கூட. அந்தக் காலத்து நாடகங்களில் பழைய அரசர்கள் வருவார்கள், எதிரிகளை விரட்டுவார்கள், கைதட்டல் கூரையைப் பிய்க்கும். அந்த எதிரி வரிசையில் தமிழனும் நிற்பான். 1906இல் ஜோன் டி சில்வா கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனைப் பற்றியும் நாடகம் எழுதினார். அந்த அரசன் முடி சூடுமுன் கண்ணுசாமி. தென்னிந்திய நாயக்கர் வழி வந்தவன். இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் போகிறோம். ஒரு மேடை நம்மைப் பற்றி என்ன சொன்னது என்று தெரியாமல் வெளியே நின்று முறைப்பதைவிட, உள்ளே போய் உட்கார்ந்து கேட்பது மேல். கேட்டால்தான் பதில் சொல்லலாம்.

"ஒபேராவுக்கும் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?"

இதுக்குப் பதில் சொல்ல நாங்கள் உங்களைப் பிரேசிலுக்குக் கூட்டிப் போகணும்.

அமேசன் காட்டுக்கு நடுவில் மனாவுஸ் என்று ஒரு நகரம். அங்கே 1896இல் ஒரு ஒபேரா ஹவுஸ் திறந்தார்கள். பெயர் தியேட்ரோ அமேசோனாஸ். இத்தாலியிலிருந்து சலவைக்கல், பிரித்தானியாவிலிருந்து இரும்பு, கூரையில் வர்ண வர்ண ஓடு பதித்த பெரிய குவிமாடம். காட்டுக்குள் இவ்வளவு காசு எங்கிருந்து வந்தது? ரப்பர். உலகத்தில் சைக்கிள் டயரும் கார் டயரும் உருள ஆரம்பித்த காலம். காட்டு மரத்தில் பால் வெட்டினவன் கடனில் கட்டுண்டு கிடந்தான். முதலாளி கொடுத்த சாமானுக்குக் கணக்கு, கணக்குக்கு வட்டி, வட்டிக்கு உழைப்பு. படித்ததும் எங்களுக்கு 'துண்டு'தான் ஞாபகம் வந்தது. கடனை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி, ஆளைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றின அதே துண்டு. 1921 வரைக்கும் சட்டப்படி இங்கே நடந்தது.

அடுத்தது கேளுங்க. 1876இல் ஹென்றி விக்கம் என்கிற ஆங்கிலேயர் அமேசனிலிருந்து ஏறத்தாழ எழுபதாயிரம் ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்ததில் 1900 கன்றுகள் அளவில் அதே வருசம் இலங்கைக்கு வந்தன, கம்பஹா ஹெனரத்கொடையில் நட்டார்கள். பிறகு மலாயாவிலும் இலங்கையிலும் தோட்டம் தோட்டமாக ரப்பர். வரிசையாக நட்ட மரம், வரிசையாகக் கட்டின லயம், மலிவான கூலி. அந்த மலிவோடு அமேசன் போட்டி போட முடியவில்லை. 1910களில் மனாவுஸின் ரப்பர் செல்வம் சரிந்து விழுந்தது. ஒபேரா ஹவுஸில் பாட்டு நின்றது.

மாத்தளையில் விடியற்காலையில் பால் வெட்டப் போகிற அம்மாக்களின் பிள்ளைகள் எங்களில் ஏழு பேர் இருக்கிறோம். எங்கள் பூட்டன்மாருக்குக் கொடுக்காத கூலிதான் உலகத்தின் மறு மூலையில் ஒரு ஒபேரா ஹவுஸின் விளக்கை அணைத்தது. இப்ப சொல்லுங்க, ஒபேராவுக்கும் தோட்டத்துக்கும் சம்பந்தம் இல்லையா?

மனாவுஸ்காரர்கள் அந்தக் கட்டடத்தை விட்டுவிடவில்லை. திருத்தினார்கள். 1997இலிருந்து அங்கே ஒபேரா விழா நடக்கிறது. ரப்பர் போனாலும் அரங்கு தங்களுக்கு வேண்டும் என்று அந்த ஊர் முடிவெடுத்தது.

சரி, கட்டடத்தை விடுவோம். ஒபேரா என்றால் என்ன? கதையைப் பேசாமல் பாடிச் சொல்வது. பாத்திரத்துக்கு ஏற்ற பாட்டு, பக்கத்தில் வாத்தியம், பின்னால் கூட்டுக் குரல். இப்போது மாசி மாதம் வளர்பிறையில் எங்கள் தோட்டங்களில் காமன் ஊன்றுவதை நினைத்துப் பாருங்கள். ரதி, மன்மதன், தூதன், வீரபத்திரன், எமன், கடைசியில் நெற்றிக்கண் திறக்கிற சிவன். பதினைந்து நாளைக்கு மேல் நடக்கும். தப்பு ஒரு அடி மாறினால் யார் வரப்போகிறார் என்று ஆறு வயசுப் பிள்ளைக்கும் தெரியும். காமன் எரிந்த பிறகு ரதி பாடுகிற ஒப்பாரியில் லயத்தில் உள்ள அத்தனை பெண்களும் தங்கள் சாவுகளை நினைத்து அழுவார்கள். இதை இத்தாலிய மொழியில் பாடி, ஆயிரம் டொலர் டிக்கெட் போட்டால் நீங்களே ஒபேரா என்று சொல்வீர்கள். தமிழில், பொட்டலில், இலவசமாக நடந்தால் 'தோட்டத்து ஆட்டம்'.

மாத்தளை வடிவேலன் போன்றவர்கள் மலையகப் பாரம்பரியக் கலைகளைத் தேடி எழுதி வைத்திருக்காவிட்டால் இந்தப் பெயர்கள்கூட எங்கள் தலைமுறைக்கு வந்திருக்காது. அந்தப் புத்தகத்தைக் கெம்பஸ் நூலகத்தில் எத்தனை பேர் எடுத்திருக்கிறோம்? எடுத்த திகதி ஒட்டியிருக்கும், பாருங்கள்.

"சோத்துக்கே வழியில்லாத நேரத்துல நாடகமா?"

இந்தக் கேள்விதான் எங்களுக்கு வலித்தது. ஏனென்றால் கேட்டவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா. பதினெட்டுப் பேர் மருதானை போய்வர, டிக்கெட், சாப்பாடு எல்லாம் சேர்த்துப் போட்டால் ஆளுக்கு இரண்டு நாள் பேர் போய்விடும். அதை நாங்கள் விளையாட்டாக எடுக்கவில்லை. ஆறு மாசமாகச் சீட்டுப் போட்டுச் சேர்த்த காசு.

ஆனால் ஒன்று கேட்கிறோம். இதே காசுக்கு நுவரெலியா போய், ஏரியில் படகு விட்டு, ஸ்ட்ரோபரி வாங்கித் தின்றுவிட்டு வருகிறோம் என்று சொல்லியிருந்தால் யாராவது சம்பளப் பிரச்சினையை இழுத்திருப்பார்களா? மாட்டார்கள். 'பிள்ளைகள் ட்ரிப் போகுது' என்று சொல்லி, கட்டுச்சோறும் கட்டிக் கொடுத்திருப்பார்கள். பொழுதுபோக்குக்கு நமக்கு உரிமை இருக்கிறது, கலைக்கு மட்டும் இல்லை. இது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்றும் இருக்கிறது. நாடகமும் சோறும் வேற வேற பிரச்சினை என்று யார் சொன்னது? இரண்டுக்கும் அடியில் ஒரே பிரச்சினைதான் கிடக்கிறது. நிலம்.

டவர் ஹோலின் கதையைப் பாருங்கள். ஹென்றிக் செனவிரத்ன என்கிற ஒரு மனிதர் கட்டினார். இருபது வருசம் ஓகோ என்று ஓடியது. பேசும்படம் வந்ததும் நாடகம் படுத்தது, அரங்கு படக் கொட்டகையானது, பிறகு சீரழிந்தது. அத்தோடு முடிந்திருக்க வேண்டிய கட்டடம். முடியவில்லை. 1978இல் ஆர். பிரேமதாச பின்னால் நிற்க, நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டு ஒரு மன்றம் அமைத்தார்கள். கட்டடம் திருத்தப்பட்டது, நூர்த்திகள் மறுபடி மேடையேறின. பம்பாய் றோயல் ஒபேரா ஹவுஸின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். அதுவும் 1911இல் தொடங்கியது, அதுவும் படக் கொட்டகையானது, 1993இல் மூடியது, திருத்தி 2016இல் திறந்தார்கள். யாரோ முடிவெடுத்தார்கள், சட்டமோ காசோ கொண்டுவந்தார்கள், கட்டடம் பிழைத்தது.

தூரம் போகத் தேவையில்லை. நம்ம மாவட்டத்திலேயே நாலந்த கெடிகே இருக்கிறது. பல்லவர் பாணியில் கட்டின ஆயிரம் வருசத்துக்கு மேற்பட்ட கற்கோயில். மகாவலித் திட்டத்தில் போவத்தென்ன நீர்த்தேக்கம் வந்தபோது தண்ணீருக்குள் போக இருந்தது. 1970களில் கல் கல்லாகக் கழற்றி, மேலே கொண்டுவந்து, அதே மாதிரி அடுக்கி வைத்தார்கள். நல்ல வேலை. நாங்கள் மனசாரப் பாராட்டுகிறோம். ஆனால் ஒரு அரசாங்கத்துக்கு இவ்வளவும் செய்யத் தெரியும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்ப எங்கள் காமன் பொட்டலுக்கு வருவோம். அது யாருடைய நிலம்? அரசாங்கத்தின் நிலம். 1992இலிருந்து கம்பனி நிர்வாகத்தில், குத்தகையில். நூறு வருசமாக அதில் காமன் ஊன்றின சனத்துக்கு அதில் ஒரு பேர்ச்சுக்கும் உறுதி கிடையாது. துரை நினைத்தால் அது லொறி திரும்புகிற இடம். வீட்டுத் திட்டம் வந்தால் கோப்பில் அது 'வெற்றுக் காணி'. யாரும் கூத்தை எதிர்த்து அதை எடுப்பதில்லை. அங்கே கூத்து நடக்கிறது என்பதே யாருடைய வரைபடத்திலும் இல்லை. இடிக்கிறதுக்கும் ஒரு கட்டடம் வேணும், திருத்துறதுக்கும் ஒரு கட்டடம் வேணும். எங்களுக்கு இருந்தது மண்தான்.

ஆட்களும் போனார்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறினவர்களில் கூத்து வாத்தியாரும் இருந்தார், தப்பு அடிக்கிறவரும் இருந்தார், ரதி வேஷக்காரரும் இருந்தார். பாதி சபை அக்கரையில், பாதி சபை இக்கரையில் என்றால் எந்தக் கூத்து நடக்கும்?

2023இல் மலையகத்தின் 200 வருசத்தை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தார்களே, ஜூலை 28இலிருந்து ஓகஸ்ட் 12 வரை, அந்தப் பாதை எங்கள் முன்னோர் நடந்து வந்த பாதை. கோப்பிக் காலத்தில் அவர்கள் அந்தக் காட்டு வழியாக நடந்து முதலில் வந்து சேர்ந்த மலையூர் மாத்தளை. கையில் ஒன்றும் இல்லை. ஆனால் தொண்டையில் பாட்டு இருந்தது. சாமியோடும் கூத்தோடும்தான் வந்தார்கள். உரிமை கேட்டு நடந்த அந்த நடையில் காணி, வீடு, சம்பளம், மொழி எல்லாம் பேசப்பட்டது. அந்தப் பட்டியலில் கூத்துப் பொட்டலையும் எழுத வேண்டும் என்பதுதான் எங்கள் வாதம். காணி உரிமை என்றால் படுக்க ஏழு பேர்ச் மட்டும்தானா? ஆட ஒரு களம் வேண்டாமா?

நம்மையும் கொஞ்சம் கேட்டுக்கொள்வோம்

எல்லாப் பழியையும் கம்பனிமீதும் கொழும்புமீதும் போட்டுவிட்டுப் போனால் அது பாதி உண்மைதான். தப்பு அடிக்கிறவரைத் திருவிழாவுக்குக் கூப்பிட்டு, சாப்பாட்டுக்குத் தனியாக உட்கார வைத்தது யார்? நாம்தான். மகன் தப்பைத் தொடக்கூடாது என்று அந்தக் குடும்பமே தீர்மானிக்கிற அளவுக்கு அவமானப்படுத்தியதும் நாம்தான். பிறகு 'வாத்தியம் அழிகிறது' என்று மேடையில் கண்ணீர் விடுகிறோம்.

ரதி வேஷம் இன்னொன்று. பல இடங்களில் இன்னும் ஆண்கள்தான் கட்டுகிறார்கள். டவர் ஹோலிலும் தொடக்கத்தில் நூர்த்தி உலகம் அப்படித்தான் இருந்தது. ஆனால் நூறு வருசத்துக்கு முன்பே ஆனி பொதேஜு, லக்ஷ்மி பாய் போன்ற பெண்கள் அந்த மேடையில் ஏறிப் பாடிப் பேர் வாங்கினார்கள். எங்கள் வட்டத்தில் ரதி ஒப்பாரியை முழுசாகப் பாடத் தெரிந்த இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டு பேரும் பெண்கள். இரண்டு பேரையும் இதுவரை யாரும் பொட்டலில் ஏற விடவில்லை. விரதம், தீட்டு என்று காரணம் சொல்வார்கள். பேசலாம், பேசித் தீர்க்கலாம். ஆனால் கலையைக் காப்பாத்துறோம் என்று சொல்லிக்கொண்டே பாடத் தெரிந்தவளை வெளியே நிறுத்தினால், அந்தக் கலை நம் கையாலேயே சாகும்.

எப்படிப் போகிறோம்

சும்மா கட்டடத்தைச் சுற்றிப் பார்த்து, வாசலில் குறூப் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்புவதற்கு இவ்வளவு கத்த வேண்டியதில்லை. எங்கள் திட்டம் இது.

நாடகம் இருக்கிற நாளில்தான் போகிறோம். பாட்டில்லாத அரங்கைப் பார்ப்பது, அடுப்பெரியாத குசினியைப் பார்த்துவிட்டுச் சாப்பாடு எப்படி என்று சொல்கிற மாதிரி. கதையை முன்கூட்டியே தமிழில் எழுதி எல்லாருக்கும் கொடுக்கிறோம். சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவர், தெரியாத இரண்டு பேருக்குப் பக்கத்தில். எங்கள் பீடத்துச் சிங்கள நண்பர்கள் நாலு பேர் கூட வருகிறார்கள். பதிலுக்கு அடுத்த மாசி மாதம் அவர்கள் எங்கள் தோட்டத்துக்கு வந்து இரவு முழுக்கக் கண்விழித்துக் கூத்துப் பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம்.

மாத்தளைக்கு ரயில் பாதை வந்தது 1880இல். கோப்பியையும் பிறகு தேயிலையையும் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்க. முடிந்தால் அந்தக் கோச்சியிலேயே போய் மருதானையில் இறங்குவோம். நம்ம உழைப்பை ஏற்றிப் போன தண்டவாளத்தில் ஒரு தடவை நாம் பாட்டுக் கேட்கப் போனால் என்ன?

அங்கே போய்க் கேட்க ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். பழைய பாட்டுகளை யார் எழுதி வைக்கிறார்கள், மெட்டை எப்படிப் பதிவு செய்கிறார்கள், வயசான கலைஞர்களை எப்படிக் கவனிக்கிறார்கள், இளம் ஆட்களுக்கு யார் சொல்லிக் கொடுக்கிறார்கள். நாங்கள் வேடிக்கை பார்க்கப் போகவில்லை, வேலை கற்றுக்கொள்ளப் போகிறோம்.

திரும்பி வந்ததும் கேட்கப் போவது மூன்று. ஒன்று, மாவட்டத்தில் கூத்து நடக்கிற ஒவ்வொரு பொட்டலையும் கணக்கெடுத்து, தோட்ட வரைபடத்திலும் வீட்டுத் திட்ட வரைபடத்திலும் பெயரோடு குறிக்க வேண்டும். கணக்கெடுக்கிற வேலையை நாங்களே தொடங்குகிறோம். உக்குவளை, இறத்தோட்டை, எல்கடுவ, கந்தேநுவர பக்கங்களுக்கு ஆள் பிரித்தாயிற்று. இரண்டு, அரசாங்கம் சிங்கள நூர்த்திக்கு ஒரு சட்டமும் மன்றமும் கொடுத்தது போல மலையகக் கூத்துக்கும் ஒரு நிலையான ஏற்பாடு வேண்டும். வருசத்துக்கு ஒரு தடவை கலை விழாவில் பத்து நிமிசம் ஆடவிட்டுச் சான்றிதழ் கொடுக்கிற ஏற்பாடு எங்களுக்கு வேண்டாம். மூன்று, தமிழும் சிங்களமும் ஒரே மேடையில் வர வேண்டும். இது நடக்காத காரியம் இல்லை. பராக்கிரம நிரியெல்ல தொடங்கின ஜனகரளிய, தமிழில் மக்கள் களரி, கூடாரத்தைச் சுருட்டி லொறியில் ஏற்றி ஊர் ஊராகப் போய் இரண்டு மொழியிலும் நாடகம் போட்டது. அரங்கு சனத்தைத் தேடி வரும் என்று அவர்கள் காட்டிவிட்டார்கள். டவர் ஹோலின் நூர்த்தி ஒரு தடவை எங்கள் பொட்டலுக்கு வரட்டும். எங்கள் ரதி ஒரு தடவை மருதானை மேடையில் அழட்டும்.

"இதெல்லாம் நடக்கிற கதையா?" என்று நாலாவதாக ஒரு கேள்வி வரும். வரட்டும். 1950களில் டவர் ஹோலைப் பார்த்த யாரிடமாவது இது மறுபடி நூர்த்தி ஆடுகிற இடமாகும் என்று சொல்லியிருந்தால் அவரும் அதைத்தான் கேட்டிருப்பார்.

கடைசியாக ஒன்று. பதினெட்டுப் பேர் என்று சொன்னோம், இருபது பேருக்குக் காசு சேர்த்திருக்கிறோம். அந்த இரண்டு இடமும் மாணவர்களுக்கு இல்லை. உங்கள் லயத்தில் பழைய கூத்துப் பாட்டுத் தெரிந்த தாத்தாவோ அம்மாயியோ இருந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள். அவர்களை முன்வரிசையில் உட்கார வைக்கிறோம். திரும்பி வருகிற வழியில், கேட்டதில் எது சரி, எது சுருதி பிசகு என்று அவர்கள் சொல்லட்டும். அதைப் பதிவு செய்ய ஃபோன் சார்ஜ் போட்டு வைத்திருப்போம்.